எலும்பு பிடிக்கும்வரை

என் கீழ்த்தாடையில் வலியே இல்லை. அதனால்தான் அவ்வளவு நாள் ஏமாந்துபோனேன். இடப்பக்கத்துக் கடைவாய்ப் பல் ஒன்று லேசாக ஆடியது. கன்னம் சற்று உப்பியிருந்தது. வயதாகிறது, முகத்தில் சதை போடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. கிள்ளான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை. வீடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். தினமும் காலையில் ரயிலேறிப் போய், சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, தமிழில் சொல்வதை மலாயிலும் மலாயில் கேட்பதைத் தமிழிலும் சொல்லிவிட்டுத் திரும்புவேன். இருபத்திரண்டு வருடம் இந்த வாயை வைத்துத்தான் பிழைத்தேன்.

என் மகள் ரூத்துதான் முதலில் கண்டுபிடித்தாள். தேவாலயத்தில் எடுத்த படங்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"மம்மி, போன வருசத்து போட்டோலயும் இந்தப் பக்கம்தான் வீங்கியிருக்கு. இது சதை இல்ல லா."

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பல் கிளினிக்குக்குப் போனேன். தலையைச் சுற்றிவரும் எக்ஸ்ரே ஒன்று எடுத்தார்கள். படத்தில் என் இடது தாடை எலும்புக்குள் சோப்பு நுரை பொங்கியதுபோல வட்ட வட்டமாகக் கறுப்பு. அந்த இளம் டாக்டர் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோலாலம்பூரில் இருந்த அரசாங்கப் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். "பயப்படாதீங்க ஆன்டி" என்றார். அவர் குரலில்தான் பயம் இருந்தது.

பெரிய மருத்துவமனையில் நம்பர் சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். மூன்று வாரத்தில் நான்கு முறை அப்படி உட்கார்ந்தேன். கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று என் கணவர் ஜோசப் கிள்ளான் துறைமுகத்தில் லீவு சொல்லிவிட்டு என்னுடன் வந்தார். அவர் அங்கே பாரந்தூக்கி இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். டாக்டர் ஹஸ்னா கோப்பைத் திறப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"டாக்டர், கேன்சரா?"

இல்லை என்றார் டாக்டர். ஜோசப் சிரித்துவிட்டார். நானும்தான். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை டாக்டர் காத்திருந்தார்.

கட்டியின் பெயர் அமெலோபிளாஸ்டோமா. பல் முளைப்பதற்காக உடம்பில் இருக்கும் உயிரணுக்களிலிருந்து வளர்வது. புற்றுநோய்போல உடம்பெங்கும் பரவாது. ஆனால் இருக்கும் இடத்தில் எலும்பைத் தின்றுகொண்டே போகும். சுரண்டி எடுத்தால் திரும்பி வரும். ஆகவே சுற்றியுள்ள நல்ல எலும்போடு சேர்த்து அறுத்தெடுக்க வேண்டும். டாக்டர் தன் தாடையிலேயே விரல் வைத்துக் காட்டினார். முன்பல்லுக்குப் பக்கத்திலிருந்து கடைசிப் பல்வரை, இடப்பக்கம் முழுவதும். அந்த இடைவெளியில் என் இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைப்பார்கள். உதட்டுக்குப் போகும் நரம்பு கட்டிக்குள் ஓடுகிறது. அதைக் காப்பாற்ற முடியாது.

"உதடு மரத்துப்போகும். பேச்சு கொஞ்சம் மாறும். என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று மலாயில் கேட்டார்.

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அறுவை சிகிச்சை காலையில் தொடங்கி மாலையில் முடிந்ததாம். கண் விழித்தபோது மூக்கில் குழாய். தாடையைவிட இடுப்புதான் அதிகமாக வலித்தது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இருமினால் இடுப்பு வலிக்கும், திரும்பினால் வலிக்கும், கழிவறைக்கு நான்கு அடி நடந்தால் கண்ணில் நீர் வரும். பத்து நாள் குழாய் வழியாகப் பால். பக்கத்துப் படுக்கையில் அம்பாங்கிலிருந்து வந்த சீன ஆன்டி, நாக்கில் புற்றுநோய். இரண்டு பேருக்கும் பேச்சில்லை. பால் வரும் நேரம் ஆனால் அவர் கட்டில் கம்பியை இரண்டு தட்டுத் தட்டுவார், நானும் பதிலுக்குத் தட்டுவேன். எட்டாம் நாள் அவரை வேறு வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கம்பியைத் தட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உதட்டைப் பற்றி விளங்கியது. வாயிலிருந்து எச்சில் வழிந்தால் எனக்குத் தெரியாது. கஞ்சி தாடையில் ஒட்டியிருந்தால் தெரியாது. தேவாலயத்தில் ஒருவர் என்னோடு பேசிக்கொண்டே பார்வையை விலக்கினார். கண்ணாடியில் பார்த்தபோது உடுப்பு நனைந்திருந்தது. அன்றிலிருந்து ஜோசப் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். ஆட்கள் நடுவில் இருக்கும்போது தன் உதட்டோரத்தை ஒரு விரலால் துடைத்துக்கொள்வார். அவர் வாயில் ஒன்றும் இருக்காது. நான் உடனே கைக்குட்டையை எடுப்பேன். இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். அவசரப்பட்டுவிட்டேன். இடப்பக்கம் பல்லே கிடையாது, நாக்கின் அடியைத் தையல் இழுத்துப் பிடித்திருந்தது. வீட்டில் பலநாள் மலாய்ச் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துப் பழகியிருந்தேன். ரூத் கேட்டுவிட்டு "ஓகே மம்மி, புரியுது" என்பாள். அவளுக்கு நான் சொல்லவருவது பாதி சொல்வதற்குள்ளேயே தெரியும். நீதிமன்றத்துக்குத் தெரியாது.

அன்று கூண்டில் நின்றவர் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண். முதலாளி அம்மாவின் கைத்தொலைபேசியைத் திருடியதாக வழக்கு. தன் தரப்பைச் சொல்லும் நாள் அது. இரண்டு கையாலும் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்:

"அந்த போனு மேடம்தான் குடுத்தாங்க. பழசு, வச்சிக்கன்னு சொன்னாங்க."

மலாயில் கொடுக்கப்பட்டது என்பதற்கு 'டிபெரி'. வாங்கப்பட்டது என்பதற்கு 'டிபெலி'. இரண்டுக்கும் நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். 'டிபெரி' என்றுதான் சொன்னேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது. மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "அப்படியானால் அந்தத் தொலைபேசி மேடம் வாங்கியது, மேடத்துக்குச் சொந்தமானது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்" என்று மலாயில் கேட்டார்.

கேள்வியை மொழிபெயர்க்க வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். என் நாக்கு ரகரத்தைச் சொல்லவில்லை. லகரம்தான் வெளியே வந்திருக்கிறது. அந்தப் பெண் கொடுத்தார்கள் என்று சொன்னது, மேடம் வாங்கியது என்று பதிவேட்டில் உட்கார்ந்துவிட்டது.

கையை உயர்த்தி, பிழை என்னுடையது என்று சொன்னேன். திருத்திச் சொன்னேன். மாஜிஸ்திரேட் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இப்போதும் லகரம்தான் கேட்டிருக்கிறது. கடைசியில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி எழுதவைத்தேன். பார்வையாளர் வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. தனக்காக நான் வாதாடுவதாக நினைத்துக்கொண்டு நன்றியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

மதியம் நானே போய்ப் பதிவாளரிடம் என்னைக் கூண்டுப் பக்கம் அனுப்ப வேண்டாம் என்றேன். கோப்பு அறையில் உட்காரவைத்தார்கள். மருத்துவக் குழு என் வேலைத் தகுதியைப் பரிசீலிக்கும் என்று கடிதம் வந்தது. பேச முடியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் பதவி எப்படித் தருவார்கள்? அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

பல் வைத்தால் பேச்சு திரும்புமா என்று டாக்டர் ஹஸ்னாவிடம் கேட்டேன். முழுவதும் திரும்பாது, ஆனால் நாக்குக்குத் தடுத்து நிற்க ஒரு சுவர் கிடைக்கும், தையலைத் தளர்த்தி நாக்கையும் கொஞ்சம் விடுவிக்கலாம் என்றார். கழற்றி மாட்டும் பல்செட் அந்த ஒட்டுபோட்ட எலும்பில் நிற்காது. எலும்புக்குள் திருகு இறக்கி, அதன்மேல் பல் கட்ட வேண்டும். வழக்கமான திருகு என் தாடையின் கோணத்துக்கு ஒத்துவராது. ஸ்கேன் எடுத்து, என் எலும்பின் அளவுக்கே நான்கு திருகுகளை அச்சடிக்கலாம் என்றார்.

உலோகத்தை எப்படி அச்சடிப்பது என்று ஜோசப் கேட்டார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். டைட்டானியம் என்ற உலோகத்தை இடியாப்ப மாவைவிட நைசான பொடியாக்கி மெல்லிசாகப் பரப்புவார்கள். லேசர் ஒளி வேண்டிய இடத்தை மட்டும் உருக்கும். அதன்மேல் இன்னொரு படலம் பொடி, மறுபடி உருக்கல். இப்படியே படலம் படலமாகத் திருகு எழுந்து வரும்.

"வெல்டிங் மாதிரிதான். நாங்க பெருசா அடிக்கிறோம், அவங்க பொடிசா அடிக்கிறாங்க," என்று ஜோசப் என்னிடம் சொன்னார். பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு.

மாதிரித் திருகு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்கள். என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். வழவழப்பாக இருக்கும் என்று நினைத்தேன், உப்புத்தாள்போலச் சொரசொரத்தது. பஞ்சுபோலத் துளைத்துளையாக இருப்பதால்தான் அப்படி. அந்தத் துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து நுழைந்து, திருகைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அதற்கு நான்கு மாதம் ஆகலாம். பிடிப்பதும் பிடிக்காததும் எலும்பின் கையில். அந்தத் திருகுகளை அரசாங்கம் தராது, நாமே வாங்கித் தர வேண்டும். ஜோசப் சேமநிதியிலிருந்து எடுத்தார். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இடுப்பிலிருந்து வந்த எலும்பு தாடையோடு சேரும்வரை காத்திருந்து, நான்கு திருகுகளையும் இறக்கினார்கள். இந்த முறை மயக்கம் கிடையாது, மரத்துப்போக ஊசி மட்டும். துளையிடும் சத்தம் மண்டைக்குள் கேட்டது. திருகின் தலைகள் ஈறுக்கு வெளியே நான்கு சிறிய மூடிகளாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டிக் கம்பியைத் திருகி, பக்கத்தில் பேனாபோன்ற கருவியைப் பிடித்தார்கள். கம்பி அதிர்வதை அளந்து அது ஓர் எண்ணைக் காட்டும். எண் பெரிதாக இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நான்குமே அறுபதுக்கு மேலே காட்டின.

டாக்டர் அன்றே ஓர் எச்சரிக்கை கொடுத்தார். "மூன்றாம் நான்காம் வாரத்தில் பிடிப்பு குறையும். துளையிட்ட இடத்தில் அடிபட்ட பழைய எலும்பை உடம்பு முதலில் கரைத்து எடுக்கும். அதற்குப் பிறகுதான் புதுசு வரும். அந்த இடைவெளியில் திருகு அசையவே கூடாது. அந்தப் பக்கம் எதையும் மெல்லாதீர்கள்."

நான் மெல்லவில்லை. அது சத்தியம். செய்தது வேறு.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் காலை பல் துலக்கும்போது, ஆடுகிறதா என்று பார்க்கலாமே என்று தோன்றியது. கட்டைவிரலை உள்ளே விட்டு முதல் மூடியை அழுத்தினேன். அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. அசையவில்லை. நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல ஒரு நிம்மதி. அந்த நிம்மதி அன்று மத்தியானம் வரை வந்தது. மறுநாள் காலை மறுபடி வேண்டியிருந்தது. பிறகு காலையும் மாலையும். கோப்பு அறையில் யாரும் இல்லாதபோதும். அசைகிறதா என்று பார்க்கிறேன் என்றுதான் நினைத்தேன். நான்தான் அசைக்கிறேன் என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை. அல்லது நினைத்து, நினைக்காததுபோல இருந்தேனோ, இப்போது எழுதும்போதும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

எட்டாம் வாரம் எண் பார்த்தார்கள். முதல் இரண்டும் ஏறியிருந்தன. மூன்றாவது ஐம்பத்திரண்டு. நான்காவதில் கம்பியைத் திருகும்போதே திருகும் சேர்ந்து சுற்றியது. டாக்டர் கையை எடுத்துவிட்டார்.

"எலும்பு பிடிக்கவில்லை. சுற்றி வெறும் சதைநார்தான் வளர்ந்திருக்கிறது. இதை எடுக்க வேண்டும். மூன்றாவது சந்தேகம். அதுவும் போனால் மிச்சம் இரண்டின்மேல் பல் கட்ட முடியாது. இந்தப் பக்கம் ஏதாவது மென்றீர்களா?"

"இல்லை," என்றேன்.

மறுநாள் வேலைக்கு ரயிலேறினேன். கிள்ளானில் இறங்கவில்லை. எழுந்திருக்கவே தோன்றவில்லை, அவ்வளவுதான். கடைசி நிலையமான துறைமுகத்தில் எல்லாரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். தீவுக்குப் போகும் படகுகள் வந்தன, போயின. கைப்பேசி பையில் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் முடிந்தது என்று ஒரு வாக்கியம் மனதில் வந்தது. அதை மலாயில் சொல்லிப் பார்த்தேன், பிறகு தமிழில். இரண்டிலும் சரியாகத்தான் இருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன், என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

நீதிமன்றத்திலிருந்து ஜோசப்புக்குப் போன் போயிருக்கிறது. நான் இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் பார்த்து ரூத் அவருக்குச் சொல்லியிருக்கிறாள். கிரீஸ் படிந்த வேலை உடுப்போடு வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை, அதில் சோயாப்பால் கட்டி. மெல்ல வேண்டாத பண்டம்.

"சாப்பிடு. சூடு ஆறிடும்."

இரண்டு வாய் சாப்பிட்டேன். பிறகு சொன்னேன்.

"நான்தாங்க கெடுத்தேன். தெனமும் அமுக்கி அமுக்கிப் பாத்தேன். டாக்டர்கிட்ட சொல்லல."

அவர் கப்பலில் சரக்கு ஏற்றும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா?"

"அஞ்சு வாரம்."

"எனக்குத் தெரியும் எஸ்தர்," என்றார். "பாத்ரூம் கதவு சரியா சாத்தாது. ஒருநாள் பாத்தேன். பல்லுதான் வெளக்குறன்னு நெனச்சிக்கிட்டேன். கேட்டிருக்கணும். கேட்டா நீ அழுவியோன்னு விட்டுட்டேன்."

இரண்டு பேரும் தப்பு செய்திருக்கிறோம் என்பதில் ஏனோ எனக்கு மூச்சு விட முடிந்தது. அன்று அவர் வேலைக்குத் திரும்பவில்லை. அடுத்த ரயிலில் வீட்டுக்கு வந்தோம்.

திருகை எடுக்கும் நாளில் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். வாயில் மரப்பு ஊசி போட்டிருந்ததால் பாதி சொற்கள் குழைந்தன. அவர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"அதனால் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்த இடத்தில் எலும்பு மெலிசாகத்தான் இருந்தது. நீங்கள் தொடாமல் இருந்தாலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. மூன்றாவதைத் தொடாதீர்கள். ஆறு வாரம். அவ்வளவுதான் நான் கேட்பது."

கழற்றிய திருகை ஒரு தட்டில் போட்டார். அதன் துளைகளில் இரத்தம் இருந்தது, எலும்பு இல்லை.

அந்த ஆறு வாரம்தான் எல்லாவற்றிலும் மோசம். கட்டி என்று சொன்னபோதும், இடுப்பு வலித்தபோதும், யாரோ ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். இப்போது செய்ய ஒன்றுமில்லை, செய்யாமல் இருப்பதே வேலை. நான் பேசுவதையும் நிறுத்திவிட்டேன். நாக்கு அந்தப் பக்கம் போய்த் தட்டிவிடுமோ என்ற பயம். ரூத்துக்கு அது பள்ளி இறுதிச் சோதனை எழுதும் வருடம். சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். கேள்விகளுக்குச் சீட்டில் பதில் எழுதிக் காட்டுவேன்.

"மம்மி, நீங்க பேசாட்டி வீட்ல ஃபேன் சத்தம்தான் கேக்குது," என்று ஒருநாள் சொன்னாள்.

பேசினாலும் யாருக்குப் புரியுது என்று எழுதினேன். அவள் அந்தச் சீட்டை வாங்கி மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை நான் குளியலறைக்குப் போகுமுன் கதவருகே நின்றாள். கையில் காயத்துக்குப் போடும் பிளாஸ்டர். என் இரண்டு கட்டைவிரல்களையும் பிடித்து, நுனிவரை சுற்றி ஒட்டினாள். பேனாவை எடுத்து இடது விரலில் 'வேணாம்' என்றும் வலது விரலில் 'ப்ளீஸ்' என்றும் எழுதினாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவளுக்கு இரண்டும் வரவில்லை.

"தண்ணி பட்டா பிரிஞ்சிரும். பள்ளிக்கூடம் போறதுக்கு முந்தி புதுசு போடுறேன். சாயங்காலம் வந்து செக் பண்ணுவேன்."

ஆறு வாரமும் போட்டாள். சோதனை நாட்களிலும் போட்டாள். கோப்பு அறையில் பலமுறை என் கை வாய்வரை போயிருக்கிறது. விரலில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கியிருக்கிறேன். ஒருமுறை மட்டும் இறக்கவில்லை. பிளாஸ்டரோடு மூடியைத் தொட்டேன், அழுத்தவில்லை. 

எண் பார்க்கப் போன நாளில் ஜோசப் வெளியே நிற்கிறேன் என்றார், உள்ளே வரவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். கருவி சின்னதாக ஒலி எழுப்பும். முதல் ஒலி, இரண்டாவது ஒலி. மூன்றாவதற்கு டாக்டர் இரண்டு பக்கமிருந்தும் பிடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். எனக்கு ஜெபம்கூட வரவில்லை. வரவேண்டும் என்று நினைத்தேன், வாயில் வந்தது தேநீர் நேரத்தில் யாரோ சொன்ன ஏதோ ஒரு வார்த்தை.

"அறுபத்தாறு," என்றார் டாக்டர் ஹஸ்னா. "புவான் எஸ்தர், கண்ணைத் திறங்கள். அறுபத்தாறு."

நான் எழுந்து வெளியே போய் ஜோசப்பிடம் சொல்ல முயன்றேன். ரகரமும் லகரமும் எல்லாம் சேர்ந்து குழம்பியது. அவருக்குப் புரிந்துவிட்டது.

மூன்று திருகுகளின்மேல் ஐந்து பற்கள் கட்டினார்கள். கடைசிப் பல்லுக்குக் கீழே தாங்க ஒன்றுமில்லை, ஆகவே அங்கே பல்லும் இல்லை. நாக்கின் தையலையும் தளர்த்தினார்கள். பேச்சுப் பயிற்சி தருபவரிடம் பல மாதம் போனேன். உதடு இன்றும் மரத்தேதான் இருக்கிறது. இனி அப்படித்தான். கட்டி திரும்பி வருகிறதா என்று வருடாவருடம் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அதற்கு முந்தின வாரம் எனக்குச் சோறு இறங்காது. மருத்துவக் குழு என்னை ஒரு வருடக் கண்காணிப்புக் காலத்தோடு வேலைக்குத் திருப்பி அனுப்பியது. நீண்ட சாட்சியங்களுக்கு இன்னும் என்னைக் கூப்பிடுவதில்லை. ஜாமீன் விண்ணப்பம், வழக்குத் தள்ளிவைப்பு, அந்த அளவுக்கு நிற்கிறேன். கூண்டில் நின்ற அந்தப் பெண்ணின் வழக்கு வேறு மொழிபெயர்ப்பாளரோடு நடந்து முடிந்திருந்தது. விடுதலை ஆனார் என்று கோப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் சோதனைக்காகப் போயிருந்தேன். என் வேலை முடிந்து எழுந்தபோது டாக்டர் ஹஸ்னா ஓர் உதவி கேட்டார். பக்கத்து அறையில் ரவாங்கிலிருந்து வந்த ஒரு லோரி ஓட்டுநர், முப்பத்தைந்து வயதிருக்கும். தாடையில் அதே கட்டி. மலாய் தெரியும், ஆனால் இந்த விஷயத்தைத் தமிழில் கேட்டால்தான் மனசுக்கு ஏறும் என்கிறார். தமிழ் தெரிந்த தாதி அன்று விடுப்பு.

உள்ளே போனேன். அவரும் மனைவியும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். எந்த இடம்வரை அறுப்பது, இடுப்பிலிருந்து எடுப்பது, உதடு மரப்பது, பிறகு திருகு. ரகரம் வரும் சொற்களில் நிறுத்தி நிறுத்திப் போனேன். அவர் கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எலும்பு புடிச்சிக்குமா?"

மலாயில் கேட்டேன். பெரும்பாலும் பிடிக்கும், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர். அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார். "டாக்டருங்க அப்படித்தாங்க்கா சொல்வாங்க. ஒங்களுக்கும் இதான்னு வெளிய சொன்னாங்க. ஒங்களுக்குப் புடிச்சிச்சா?"

நீதிமன்றத்தில் யாராவது என்னைக் கேள்வி கேட்டால் அதையும் மொழிபெயர்த்து மாஜிஸ்திரேட்டிடம் கொடுப்பேன், நானாகப் பதில் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் திரும்பி, அவர் என்னைக் கேட்கிறார், நானே சொல்லட்டுமா என்றேன். அவர் தலையசைத்தார்.

வாயைத் திறந்து, இடது கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினேன். அவர் எழுந்து பக்கத்தில் வந்தார். மனைவியும் வந்து எட்டிப் பார்த்தார்.

"மூணு புடிச்சிருச்சு தம்பி. கடைசியா ஓட்டையா தெரியுதுல்ல, அது புடிக்கல. ஆடுதான்னு நான் அமுக்கி அமுக்கிப் பாத்தேன். அதுனாலயா, எலும்பு மெலிசுங்கறதுனாலயான்னு இன்னிக்கும் தெரியாது. ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

அவர் வெகுநேரம் பார்த்தார். மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார்.

"இப்ப சாப்பிட முடியுதா?"

"வலப்பக்கம் எல்லாம். இந்தப் பக்கம் மெதுவா."

அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தொடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"சரிக்கா. எந்தத் தேதின்னு கேளுங்க."

கேட்டேன்.